பின்னிருக்கை

மயிலாப்பூர்த் திருக்குளத்தின் தென்புறத்தே, மாட வீதியிலிருந்து பிரியும் குறுஞ்சந்து ஒன்றில் ஒரு பெரியவர் வாழ்கின்றார். அவருக்கு அகவை எழுபத்தொன்று. பொதுப்பணித் துறையில் 1976-ஆம் ஆண்டு சேர்ந்து, முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்து, 2012-இல் ஓய்வு பெற்றவர். மக்கள் வழக்கில் ‘ஓவர்சியர்’ எனப்படும் பணி அவருடையது. ஏரிக்கரைகளை அளத்தல், மதகுகளின் கதவுகளைச் சோதித்தல், கலங்கல் வழியே நீர் எவ்வளவு உயரம் வழிகிறது என்று குறித்தல் ஆகியவற்றிலேயே அவர் இளமை முழுதும் கழிந்தது. சென்னைக்குத் தெற்கே மதுராந்தகம் முதல் வீராணம் வரை அவர் கால் படாத கரை இல்லை.

இத்தகையவர்க்கு ஓய்வுக்குப்பின் ஓர் ஆசை முளைத்தது. தாம் அளந்த ஏரிகளையெல்லாம் மற்றொரு முறை கண்ணாரக் காணவேண்டும் என்பதே அது. பேரூர்களின் பக்கத்தே உள்ள பெரிய ஏரிகளுக்குப் பேருந்து உண்டு. அவர் விரும்பியவையோ, பெயர்ப்பலகையும் இல்லாத சிற்றேரிகள். அவற்றின் கரைமேல் மாட்டுவண்டி ஒன்று செல்லும் அளவே வழி இருக்கும். வாடகைக்குக் கார் எடுக்கலாமே என்று உறவினர் கூறினர். “கரைமேல் ஏறிய காரை எங்கே திருப்புவது?” என்று பெரியவர் கேட்டார். அவ்வினாவுக்கு யாரிடமும் விடையில்லை.

ஆண்டுகள் சென்றன. பெரியவரின் முதுகெலும்பில் தேய்வு கண்டது. மருத்துவர் படங்களை ஒளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, “செல்வதானால் இவ்வாண்டே சென்று வாருங்கள், அடுத்த ஆண்டைப்பற்றி நான் உறுதி கூற இயலாது,” என்றார். பயணத்தை அவர் தடுக்கவில்லை, குலுக்கலைத்தான் தடுத்தார். அன்று மாலையே மகன், தந்தையைப் பின்னால் அமர்த்திக்கொண்டு தானே மோட்டார் சைக்கிளில் அழைத்துச் செல்வதென முடிவு செய்தான். அவனுக்கு அகவை முப்பத்தெட்டு. அண்ணா சாலையில் காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் பணி. அவனிடம் இருந்தது சிறிய ஸ்கூட்டர். நெடும்பயணத்திற்கு உரிய வண்டி ஒன்று வாங்கவேண்டும்.

எந்த வண்டி வாங்குவது? இதில் மகனுக்கு ஐயமே இருக்கவில்லை. மலைப்பாதைக்கென அமைந்த உயரமான வண்டி ஒன்றில் அவன் நெடுநாளாகவே உள்ளம் வைத்திருந்தான். கல்லும் குழியும் அதற்குப் பொருட்டல்ல என்று பலரும் சொல்லக் கேட்டிருந்தான். அலுவலக நண்பர் ஒருவரிடம் அவ்வகை வண்டி இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதனை இரவல் பெற்று வந்து, “அப்பா, மாமல்லபுரம் வரை சென்று பார்ப்போமா?” என்றான்.

பெரியவர் வீட்டுத் திண்ணைமேல் நின்று, அங்கிருந்து காலைத் தூக்கி வண்டியில் ஏறினார். மந்தைவெளியைக் கடந்து, திரு.வி.க. பாலத்தின்மேல் அடையாற்றைத் தாண்டி, திருவான்மியூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி விரைந்தது. மகன் உள்ளத்தில் உவகை பொங்கிற்று. மாமல்லபுரத்தில் இறங்கி இளநீர் பருகினர். திரும்பும்போதுதான் ஓர் இடர்ப்பாடு தோன்றியது. அங்கே திண்ணை இல்லை! பெரியவர் இருமுறை முயன்றார். கால் இருக்கைக்கு மேல் எழவில்லை. பின்னர்ச் சாலையோரத்து மைல்கல்லைக் கண்டு, அதன்மேல் நின்று ஏறினார். சிரித்துக்கொண்டேதான் ஏறினார். வீடு வந்ததும், “எப்படி இருந்தது, அப்பா?” என்று மகன் வினவ, “நன்றாக இருந்தது, தம்பி,” என்றார்.

மருமகள் காப்பி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிய பெரியவரின் விரல்கள் மடங்கவில்லை. டம்ளர் நடுங்கிக் காப்பி வேட்டிமேல் சிந்திற்று. போகவும் வரவும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். அவ்வளவு தொலைவும் அவர் இருக்கையின் கீழ்விளிம்பை இரு கைகளாலும் இறுகப் பற்றியிருந்திருக்கிறார். பற்றுவதற்கு அவ்வண்டியில் வேறு இடம் வாய்க்கவில்லை. மாமனார் உள்ளே சென்றதும் மருமகள் கணவனை நோக்கி, “மாமா ஒருநாளும் குறை சொல்லமாட்டார். அவரிடம் கேட்டுப் பயனில்லை. நீங்கள் ஒருமுறை பின்னால் அமர்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்,” என்றாள்.

வண்டி வாங்க முயல்வோர் எல்லாரும் முன்னிருக்கையில் அமர்ந்தே தேர்ந்தெடுக்கின்றனர். பின்னிருக்கையில் அமரப்போகிறவர் கடைவாசலில் நின்று நிறத்தைப்பற்றி ஒரு சொல் கூறுவதோடு சரி. மருமகள் கூறிய எளிய யோசனை மகனுக்கு அதுவரை தோன்றாததில் வியப்பில்லை.

அடுத்த ஞாயிறு, அதே வண்டி, அதே சாலை. நண்பர் ஓட்டினார், மகன் பின்னால் அமர்ந்தான். முதல் பத்து நிமிடம் வேடிக்கையாக இருந்தது. திருவான்மியூரைக் கடப்பதற்குள் அவனுக்குப் பல செய்திகள் விளங்கிவிட்டன. ஓட்டுகின்றவன் பள்ளத்தை முன்கூட்டியே கண்ணால் காண்கின்றான். அவன் உடம்பு தானாகவே அதற்கு இசைந்து கொடுக்கிறது. பின்னால் இருப்பவர்க்கோ முன்னவர் முதுகே உலகம். ஒவ்வொரு குழியும் அறிவிப்பின்றி வந்து தாக்குகிறது. பின்னிருக்கை பின்சக்கரத்தின் அச்சுக்கு ஏறத்தாழ நேர்மேலே இருப்பதால் அடி முழுவதும் அங்கேதான் விழுகிறது. முன்னிருக்கையோ இரு சக்கரங்களுக்கும் இடையில் இருப்பதால் அதன் ஒரு பகுதியையே பெறுகிறது. நண்பர் திடீரெனப் பிரேக் பிடித்தபோது இருவர் தலைக்கவசங்களும் தேங்காய்கள் போல் மோதிக்கொண்டன. கால்மிதி மிக உயரத்தில் இருந்ததால் முழங்கால்கள் மடங்கியே கிடந்து மரத்துப்போயின. முப்பத்தெட்டு வயது உடம்பே இவ்வாறு நோவதாயின், எழுபத்தொரு வயது உடம்பு அன்று என்ன பாடு பட்டிருக்கும்! வீடு திரும்பியவன் தந்தையிடம் சென்று அமர்ந்தான். “அப்பா, வண்டியை நீங்களே தேர்ந்தெடுக்கவேண்டும்,” என்றான்.

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, தம் வாழ்நாளில் ஒருநாளும் வண்டி ஓட்டியதில்லை என்றும், ஆயினும் பல்லாயிரம் கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில் சென்றிருப்பதாகவும் கூறினார். அது மகன் அறியாத செய்தி. அவருடைய மேலதிகாரி ஒருவர் புல்லட் வண்டி வைத்திருந்தார். கரைகளைப் பார்வையிடச் செல்லும்போதெல்லாம் அளவு நாடாவும் குறிப்பேடும் கையில் ஏந்திப் பின்னால் அமர்ந்தவர் இவரே.

அந்தப் புல்லட்டின் வரலாறு சென்னையோடு பிணைந்தது. இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தோடு கூடிச் சென்னையில் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிற்று. முதலில் அங்கிருந்து உறுப்புகள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன. நாளடைவில் உறுப்புகளையும் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலேயே செய்யலாயினர். பிறந்த ஊரில் அத்தொழில் 1970-ஐ ஒட்டி மறைந்தது. தத்து வந்த ஊரில் இன்றும் தழைத்து நிற்கிறது. அவ்வண்டியின் பொறி 346 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது, ஒரே உருளை. ஆனால் பின்னிருக்கைக்காரர் நன்றி பாராட்டவேண்டியது பொறிக்கன்று. பழைய வண்டிகளில் பின்சக்கரம் சட்டத்தோடு அசையாது பிணைக்கப்பட்டிருந்தது. ஓட்டுபவர் இருக்கைக்கு மட்டும் சுருள்வில் இருக்கும். பின்னால் அமர்பவர்க்கு மட்கார்டின்மேல் ஒரு திண்டு, அவ்வளவே. 1949-இல் வெளிவந்த புல்லட்டில் பின்சக்கரத்தைத் தாங்கும் கவை, கதவின் கீலைப்போல் மேலும் கீழும் அசையுமாறு அமைந்து, இருபுறமும் ஷாக் அப்சார்பர்கள் அதனைத் தாங்கின. அக்காலத்தில் அது புதுமை. இன்று எல்லா வண்டிகளிலும் உள்ள அமைப்பு அதுவே.

“மேலதிகாரியின் வண்டி ஓசை மிகுந்தது, அதிர்வும் மிகுந்தது. ஆனால் இருக்கை தாழ்வானது, ஒரே மட்டமானது. குழந்தையும் ஏறலாம்,” என்றார் பெரியவர். பிறகு எழுந்து சென்று, பழைய பெட்டியிலிருந்து அளவு நாடாவை எடுத்துவந்தார்.

அதன்பின் மூன்று வாரம், மாலைதோறும் தந்தையும் மகனும் கடைகடையாகச் சென்றனர். அண்ணா சாலையில் சிலவும் தியாகராய நகரில் சிலவும் பார்த்தனர். கடையிலுள்ள இளைஞர்கள் குதிரைத்திறனையும் விரைவையும் சொல்லத் தொடங்குவர். பெரியவர் அவற்றைக் கேட்டுக்கொண்டே குனிந்து, பின்னிருக்கையின் நீளத்தை அளப்பார், அகலத்தை அளப்பார், இருக்கையிலிருந்து கால்மிதிவரை அளப்பார். குறிப்பேட்டில் கட்டங்கள் வரைந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு வரி எழுதிவைத்தார். கரையின் குறுக்குவெட்டை எழுதிய கை அது! இருக்கைக்கும் கால்மிதிக்கும் இடையே ஒன்றரை அடியேனும் இல்லையெனில் தம் முழங்கால் ஒருமணி நேரம் தாங்காது என்று அவர் கணக்கிட்டார். தியாகராய நகர்க் கடையொன்றில் ஓர் இளைஞர் முதலில் நகைத்தார். அரைமணி நேரம் சென்றபின் நாடாவின் மறுமுனையை அவரே பிடித்துக்கொண்டார்.

ஓட்டுபவர் இருக்கையின் உயரத்தையும் பெரியவர் விடாது குறித்தார். அது மகனுக்கு வியப்பளித்தது. இருவரும் மூட்டையும் ஏறிய வண்டி நிற்கும்போது அதனைத் தாங்குவன ஓட்டுபவரின் இரு கால்கள்தாம். பாதம் முழுவதும் நிலத்தில் படியவேண்டும். நுனிவிரல் மட்டும் பட்டால், சரளைக்கல்லில் ஒருகால் வழுக்கினும் வண்டி சாயும்; பின்னால் இருப்பவரும் சாய்வார்.

இரட்டை உருளை கொண்ட பெருவண்டிகளையும் பார்த்தனர். 2018-இல் வெளிவந்த 648 கன சென்டிமீட்டர் இன்டர்செப்டரின் நீண்ட, மட்டமான இருக்கையைப் பெரியவர் மெச்சினார். இரண்டு உருளைகள் இருப்பின் வெடிப்புகள் பங்கிடப்பட்டு அதிர்வு குறையும். விலையைக் கேட்டபின் நாடாவைச் சுருட்டிக்கொண்டார். அயல்நாடுகளில் இருவர் செல்லும் நெடும்பயணத்திற்கென்றே ஹோண்டா நிறுவனத்தார் கோல்ட்விங் என்னும் வண்டியைச் செய்கின்றனர். 1974-இல் பிறந்த அவ்வண்டி இன்று ஆறு உருளைகளும் 1,833 கன சென்டிமீட்டர் பொறியும் உடையது. அதன் பெருவகையில் பின்னிருக்கை, முதுகும் கையும் சாய்த்துக்கொள்ளும் நாற்காலியாகவே அமைந்துள்ளது. ஆனால் எடையோ ஏறக்குறைய நான்கு குவிண்டால். ஏரிக்கரைச் சேற்றில் அது புதைந்தால் எடுக்க ஊரே திரளவேண்டும்.

இதற்கு நேர்மாறான செய்தியும் உண்டு. மைசூரைச் சேர்ந்த மகனொருவர், முதுமையுற்ற தம் அன்னையைப் பின்னால் அமர்த்தி, தந்தையார் முன்பு வாங்கித்தந்த பழைய பஜாஜ் சேட்டக் ஸ்கூட்டரிலேயே 2018-இல் திருத்தலப் பயணம் புறப்பட்டு, பல்லாயிரம் கிலோமீட்டர் சுற்றிவந்தார். மகன் இதனை எடுத்துக்காட்டியபோது, “அவர் நாளொன்றுக்கு எவ்வளவு தொலைவு ஓட்டினார் என்பதைக் கேள், எவ்வளவு விரைவாக ஓட்டினார் என்பதைக் கேள்,” என்றார் பெரியவர். நல்ல வண்டி வாங்கியவனும் விரைந்து ஓட்டினால் பின்னிருக்கையில் இன்பம் இராது என்பது அவர் கருத்து.

மயிலாப்பூரில் கச்சேரி சாலையை அடுத்த சந்தில் பட்டறை வைத்திருந்த முதிய மெக்கானிக் ஒருவரிடமும் கலந்தனர். சட்டம் வேண்டுவனவற்றை அவர் விரல்விட்டு எண்ணினார். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆம் விதி, பின்னால் அமர்பவர்க்குக் கைப்பிடியும், கால்மிதியும், ஆடை சக்கரத்தில் சிக்காதவாறு பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாத பகுதியை மறைக்கும் காப்பும் இருத்தல்வேண்டும் என்கிறது. ‘சாரி கார்டு’ எனப்படும் அக்காப்பை அழகு கெடுகிறதென்று கழற்றி எறிவோர் பலர். வேட்டி கட்டும் பெரியவர்க்கு அதன் அருமை சொல்லாமலே விளங்கும். பின் ஷாக் அப்சார்பரின் அடியிலுள்ள வளையத்தைத் திருகி, இருவர் எடைக்கேற்பச் சுருள்வில்லை இறுக்கவேண்டும் என்பதையும் அவர் செய்து காட்டினார். ஒருவர் எடைக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டால், வில் முன்னரே அமுங்கிக்கிடந்து, பள்ளம் வந்தவுடன் அடிமுட்டும். டயரிலும் இருவர்க்குரிய காற்றை நிரப்பவேண்டும். அளவு வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். மூட்டையைப் பின்னால் வெளியே தள்ளிக் கட்டக்கூடாது. பின் அச்சுக்கு அப்பால் ஏறும் சுமை நெம்புகோல்போல் முன்சக்கரத்தைத் தூக்கும். அதனால் கைப்பிடி இலேசாகி வண்டி சொற்படி கேளாது. மூட்டை தாழ்வாக, இருபுறமும் சமமாகத் தொங்கவேண்டும்.

அதிர்வைப்பற்றி அவர் உரைத்ததே மகனுக்குத் தீர்வு தந்தது. ஓருருளைப் பொறியில் உந்துதண்டு மேலும் கீழும் பாயும்போது எழும் ஆட்டம் சட்டத்தில் இறங்கிக் கால்மிதி வழியே உடம்பில் ஏறும். புதிய பொறிகளிற் சிலவற்றில், எதிர்த்திசையிற் சுழலும் எடைத்தண்டு ஒன்றைச் சேர்த்து அவ்வாட்டத்தைத் தணித்துள்ளனர். 2020-இல் வந்த மீட்டியர் 350 அத்தகைய 349 கன சென்டிமீட்டர் பொறியுடையது. முன்னிருக்கை உயரம் 765 மில்லிமீட்டர். எடை 191 கிலோ. பின்னால் முதுகுச்சாய்வு பொருத்தலாம். 125 கன சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வண்டிகட்கு 2019 முதல் கட்டாயமாகிய, சக்கரம் பூட்டிக்கொள்ளாது காக்கும் பிரேக் அமைப்பும் உண்டு. பெரியவர் குறிப்பேட்டைப் புரட்டினார். அவ்வண்டிக்குரிய வரியின் கீழ் முன்பே கோடு கிழித்திருந்தார்! மகனாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தார் போலும்.

மலைவண்டியின் ஆசை மகனை விட்டு ஒரேநாளில் அகன்றுவிடவில்லை. பதிவுத்தொகை செலுத்தும் நாளிலும் கடைவாயிலில் உயரமான வண்டியொன்று வந்து நின்றபோது அவன் திரும்பிப் பார்த்தான். பெரியவர் அதனைக் கண்டும் காணாதவர்போல் நாடாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெலிந்த உடம்பினராகிய அவர்க்கு எம்மெத்தையும் கடினமே. ஆதலின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் இருக்கை தைப்பவர் ஒருவரிடம் சொல்லித் திண்டைச் சிறிது அகலமாக்கினர். முதுகுச்சாய்வும் இரும்புக் கைப்பிடியும் பூட்டினர். இருவர்க்கும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசம் வாங்கினர். பெரியவர்க்கு உரியதை இலேசானதாகப் பார்த்து வாங்கியவள் மருமகள். கழுத்து நோகுமென்பது ஆடவர் இருவர்க்கும் தோன்றவில்லை. ஒருமணி நேரத்திற்கொரு முறை நிறுத்தி இறங்கி நடக்கவேண்டும் என்பதும் அவள் இட்ட கட்டளையே. காற்றில் பேச்சு கேளாதாகையால் குறிகள் வகுத்தனர். தோளில் ஒருமுறை தட்டினால் மெல்லச் செல்க. இருமுறை தட்டினால் நிறுத்துக.

தைமாதத்து விடியலில் புறப்பட்டனர். பெரியவர் திண்ணைமேல் ஏறாமல் தெருவில் நின்றபடியே கால்வீசி அமர்ந்தார். கிண்டி, தாம்பரம், செங்கற்பட்டு கடந்து மதுராந்தகத்தில் வெயில் ஏறுமுன் கரையில் நின்றனர். அன்றிரவு விழுப்புரத்தில் தங்கினர். இடையிடையே பெருஞ்சாலையை விட்டுச் சிற்றேரிகள் பலவற்றை நாடிச் சென்றனர். சிலவற்றில் நீர் நிறைந்திருந்தது. சிலவற்றின் நீர்ப்பரப்பில் வீடுகள் எழுந்திருந்தன. அவ்விடங்களில் பெரியவர் இறங்கவில்லை.

மறுநாள் பண்ருட்டி, நெய்வேலி வழியே சேத்தியாத்தோப்பை அடைந்து வீராணத்தின் கரைமேல் ஏறினர். பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தே அமைந்த ஏரி அது. 1836-இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து வடவாறு வழியாக அதற்கு நீர் வருகிறது. 2004 முதல் சென்னைமாநகரின் தாகம் தணிக்கவும் அங்கிருந்து குழாய்வழி நீர் செல்கிறது. மகன் இவற்றையெல்லாம் செய்தித்தாளில் படித்திருக்கிறான், ஏரியைக் கண்டதில்லை. வலப்புறம் கண்ணுக்கெட்டும்வரை நீர். இடப்புறம் தாழ்ந்த நன்செய். நீர்க்காகங்கள் சிறகு விரித்து முளைகளின்மேல் அமர்ந்திருந்தன.

தோளில் ஒருமுறை தட்டு விழுந்தது. மகன் விரைவைக் குறைத்தான். வண்டி நடைவேகத்தில் ஊர்ந்தது. கண்ணாடியில் பார்த்தான், பெரியவரின் கைகள் கைப்பிடியைப் பற்றியிருக்கவில்லை. மடிமேல் குறிப்பேட்டை விரித்து, கடந்து செல்லும் மதகுகளை அவர் எண்ணிக்கொண்டிருந்தார். சிறிது தொலைவு சென்றதும் இருமுறை தட்டினார். வண்டி நின்றது.

“இந்த மதகின் கதவை 1983-இல் நான்தான் அளந்தேன்,” என்று கூறி, தாமே இறங்கி, நாடாவை எடுத்துக்கொண்டு படிகளில் இறங்கலானார்.